ஏரியும் ஏரிக் கணக்கும்

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் பெற்ற அங்கத்தினர்கள் தவணை தவறுவதற்குக் காரணங்கள் பல. கலியாணச் செலவு, வழக்கு, மாடு இறத்தல், தானிய விலை வீழ்ச்சி என்பன அவற்றுள் சில. ஏரிப் பாசனமுள்ள கிராமங்களில் இவற்றோடு வேறொரு காரணமும் அடிக்கடி காணப்படும். நட்ட நெல் பால்பிடிக்கும் தருணத்தில், இன்னும் இரண்டு நனைப்புக்கு நீர் இருந்தாற் போதும் என்னும் நிலையில், ஏரி வறண்டுவிடுகிறது. உழவு, விதை, எரு, நடவு, களையெடுப்பு ஆகிய செலவெல்லாம் செய்து தீர்ந்த பின்னர் நேரிடும் நஷ்டமாதலின், இது முழு நஷ்டமாகவே முடிகின்றது. சங்கத்தின் பேரேட்டில் இது "தவணை கடந்த பாக்கி" என்று ஒரு வரியாக ஏறுகிறது. ஆனால் அந்தப் பாக்கி உண்டான இடம் பேரேடு அன்று. தூர்ந்த வரத்துக் கால்வாயும், ஒழுகும் மதகுமே அது உண்டான இடம். ஆதலின் ஏரியைப் பற்றிய பாடம் சங்க அங்கத்தினர்களுக்குப் புறம்பான பாடமாகாது.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகள் உள்ளன. வட ஜில்லாக்களில் ஏரி என்றும், மதுரை, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களில் கண்மாய் என்றும், திருநெல்வேலிச் சீமையில் குளம் என்றும் வழங்குவன எல்லாம் அமைப்பில் ஒன்றே. சரிந்து செல்லும் நிலத்திற்குக் குறுக்கே பிறை வடிவமாக ஒரு கரையை எழுப்பி, மேற்புறத்து மழைநீரை நிறுத்தி, மதகின் வழியாகக் கீழ்ப்புறத்து வயலுக்கு விடுவதே ஏரி. மிகுந்த நீர் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குச் செல்லும். ஓர் ஊருக்குக் கழிவு நீராவது மற்றோர் ஊருக்கு வரத்து நீராகும். இவ்வாறு மணிகளைக் கோத்ததுபோல் ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடர்ந்திருப்பதனால், இடையில் ஒருவர் கால்வாயை அடைத்து நான்கு பாத்தி கேழ்வரகு பயிரிட்டாலும் அதன் பலனைக் கீழேயுள்ள ஊர்கள் அநுபவிக்க நேரிடுகின்றது.

இத்தகைய ஏரியைக் காப்பது எவர் கடமை என்னும் கேள்வி புதியதன்று. காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. குடவோலை முறை என்று பள்ளிக்கூடப் புத்தகங்களில் பிள்ளைகள் படிப்பது இவற்றைப் பற்றித்தான். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுப்பிப்பார்கள். இவ்வாறு தேர்ந்தவர்களுள் 12 பேர் ஆண்டு வாரியத்திலும், 12 பேர் தோட்ட வாரியத்திலும், 6 பேர் ஏரி வாரியத்திலும் அமர்ந்து 360 நாள் பணி செய்ய வேண்டும். வயது 35க்கு மேலும் 70க்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேலும், சொந்த மனையிற் கட்டிய வீடும் உடையவராயிருத்தல் வேண்டும். கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வருதல் கூடாது.

குடத்தையும் ஓலையையும் பலரும் வியந்து பேசுவர். சங்கத்தார் கவனிக்கத் தக்கது வேறொன்று. ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவன் பெயரைக் குடத்தில் இடலாகாது என்பது அக்கல்வெட்டின் விதி. அவன் பெயர் மட்டுமன்று. அவனுடைய நெருங்கிய உறவினர் இன்னின்னார் என்று ஒவ்வொருவராக எண்ணி, அவர்கள் பெயர்களையும் இடலாகாது என்று விதித்திருக்கிறார்கள். தம்பியையோ மைத்துனனையோ முன்னிறுத்திக் காரியம் நடத்தும் வழக்கம் அக்காலத்திலும் இருந்தது போலும்! கணக்கு எழுதுவோனுக்கும் விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து பெரிய வாரியத்தார் முன் ஒப்புவித்து, நேர்மையுடையவன் என்று அவர்களாற் சொல்லப்பட்ட பின்னரே அவன் மறுபடி அப்பணிக்கு வரலாம். ஒருவன் எழுதிய கணக்கை மற்றொருவன் வந்து முடித்தலும் கூடாது.

அச்சபை பிராமணர் ஊர்ச்சபை. வேதம் கற்ற நிலமுடையோருக்கே அதில் இடமிருந்தது. பெண்டிரும், நிலமற்றோரும், ஏரியில் இறங்கி மண் சுமந்தோரும் அதில் இல்லை. ஆகையால் அதை இக்காலத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்க உதாரணமாகக் கூறுதல் தகாது. ஆயினும் கணக்கைப் பற்றிய அவர்களது கண்டிப்பு எக்காலத்துச் சங்கத்துக்கும் ஏற்றதே.

ஏரிக்கு நிதி சேர்த்த விதமும் அறியத் தக்கது. பல்லவர், சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றில், ஏரியின் மராமத்துக்காகப் பொன்னும் நெல்லும் நிலமும் விடப்பட்ட செய்தி காணப்படுகிறது. அவ்வாறு விட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். பொன்னாக விட்டதைச் சபையார் முதலாக வைத்துக்கொண்டு, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஏரியிற் சேற்றை வாரிக் கரையில் இடுவார்கள். இதற்கென ஏரியில் ஓடம் விட்டு வேலை செய்த ஊர்களும் உண்டு. முதலைத் தொடாமல் வட்டியைச் செலவிடுதல், ஆண்டுதோறும் சிறிது வேலையை விடாமற் செய்தல் ஆகிய இரண்டும் சேமநிதி வைத்துள்ள சங்கத்தாருக்கு விளக்க வேண்டாதவை.

பிற்காலத்தில் வழங்கிய குடிமராமத்து என்பது இதன் எளிய உருவம். கோடையில் ஊரார் கூடி, நிலத்தின் அளவுக்குத் தக்கபடி வீட்டுக்கு இத்தனை ஆள் என்று பங்கிட்டு, வாய்க்கால் வெட்டிக் கரைக்கு மண் இட்டார்கள். வெள்ளம் வரும்போது கரையில் இரவுக் காவல் இருந்தார்கள். மதகு திறந்து மூடி, கடைமடை வரையில் நீரைப் பங்கிட்டு விடும் பொறுப்பு நீர்க்கட்டிக்கு உரியது. அவருக்கு அறுவடைக் களத்திலேயே நெல் அளக்கப்பட்டது.

இவ்வேற்பாடு யாவருக்கும் ஒத்த சுமையாய் இருந்தது என்று எண்ணுதல் பிழையாகும். சென்னை ராஜதானியில் 1858ஆம் ஆண்டின் 1ஆவது சட்டம் கட்டாய வேலையைப் பற்றியது. வழக்கப்படி பொது வேலைக்கு ஆள் தரக் கடமைப்பட்டவர் தக்க காரணமின்றித் தராவிடில், அவ்வேலையின் மதிப்பைப்போல் இரு மடங்கு செலுத்த வேண்டும் என்று அது கூறிற்று. கரை உடையும் அபாயம் நேரும்போதோ, அருகிலுள்ள கூலி வேலை செய்யும் வகுப்பாரில் உடல்வலிமையுள்ள ஆண்களையெல்லாம் வேலைக்கு அழைக்கலாம் என்று விதித்தது. அதாவது, ஏரியின்கீழ் ஒரு குழி நிலமும் இல்லாதவர், பிறர் நிலத்துக்கு நீர் நிறுத்துவதற்காக நள்ளிரவில் மழையில் மண் சுமந்தார். நீர்க்கட்டி வேலையும் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே பரம்பரைத் தொழிலாக விடப்பட்டு, கூலி குறைவாயும் மரியாதை அதனினும் குறைவாயும் இருந்தது. குடிமராமத்து அழிந்தமைக்குச் சர்க்காரை மட்டும் குறை கூறுவோர் இதையும் நினைத்தல் வேண்டும். விடுதலை பெற்றவர் பழைய சுமையை மீண்டும் தூக்க மறுப்பது இயற்கையே.

சர்க்காரின் பங்கும் இல்லாமலில்லை. ரயத்துவாரி முறையில் ஏரிகள் சர்க்கார் உடைமையாயின. 1865ஆம் ஆண்டில் நீர்வரிச் சட்டம் வந்தது. நீருக்கு வரி வாங்குவோர் மராமத்தும் செய்யட்டும் என்று குடிகள் எண்ணலாயினர். சிறு வேலை குடிகளது கடமை என்று அதிகாரிகள் எண்ணினர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க, ஏரி தூர்ந்தது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்துக்குப் பின்னர், 1883ஆம் ஆண்டில் ஏரிகளைச் சீர்திருத்தும் திட்டம் ஒன்று ராஜதானியில் தொடங்கப்பட்டது. கரையும் கலங்கலும் மதகும் அளவெடுக்கப்பட்டன. ஆனால் சீர்திருத்திய ஏரியை ஆண்டுதோறும் பேணுவார் எவர் என்னும் கேள்வி முன்போலவே நின்றது.

மதுராந்தகம் ஏரியின் கரையருகே ஏரி காத்த ராமர் கோயில் உள்ளது. 1790களில் செங்கற்பட்டுச் சீமைக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரையின் காலத்தில், உடைய இருந்த கரையை ராமபிரானே காத்தருளினார் என்பது அவ்வூரார் நம்பிக்கை. நம்பிக்கை இருக்கலாம். எனினும் மறுநாள் காலையில் கரைக்கு மண் இட்டவர் மனிதராகவே இருந்திருப்பர்.

சுதந்திரத்துக்குப் பின்னர் நேர்ந்த மாறுதல்களுள் பெரியது கிணறு. மின்சாரப் பம்பும் ஆழ்துளைக் கிணறும் வந்த பிறகு, வசதியுள்ள குடியானவர் ஏரியை எதிர்பார்ப்பதை விட்டனர். ஊர்க் கூட்டத்தில் உரத்துப் பேசக்கூடியவர் அவரே. அவர் விலகவே கூட்டமும் நின்றது. களத்து நெல் நின்றதனால் நீர்க்கட்டிகள் வேறு பிழைப்புத் தேடினர். பரம்பரைக் கர்ணமும் மணியக்காரரும் 1980ஆம் ஆண்டில் நீக்கப்பட்டனர். அம்முறை நீங்கியது நன்றே. ஆனால் எந்த மதகு எத்தனை நிலத்துக்கு, எந்த வாய்க்கால் எவர் பொறுப்பு என்று அறிந்தவர் பலர் அவர்களோடு போயினர்.

40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு, மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரிகள் சர்க்காரின் நீர்வளத் துறையிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிலும் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டில் பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான சட்டமும், 2007ஆம் ஆண்டில் ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கான சட்டமும் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டன. 2017ஆம் ஆண்டில் குடிமராமத்து என்னும் பழைய பெயரிலேயே சர்க்கார் ஒரு திட்டத்தைத் தொடங்கி, முதலில் 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. வேலை மதிப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கை ஆயக்கட்டுதாரர்கள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தருதல் வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அப்பத்துப் பங்கே திட்டத்தின் உயிர். நூறு பேர் சிறிது சிறிதாகத் தந்தால், நூறு பேரும் வேலையைப் பார்க்க வருவர். ஒப்பந்தக்காரர் ஒருவரே ஊரார் பெயரில் அதைச் செலுத்திவிட்டால், ரசீதில் மட்டும் குடிகள் இருப்பர், மராமத்தில் இரார்.

ஊரார் தாமே முன்வந்த உதாரணமும் உண்டு. தஞ்சாவூர் ஜில்லாவின் கடைமடையிலுள்ள பேராவூரணியில், 2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளை அழித்தது. மறு ஆண்டில் அவ்வூர் இளைஞர்கள் ஒன்றுகூடி, பொதுமக்களிடம் பொருள் திரட்டி, 564 ஏக்கர் பரப்புள்ள பெரியகுளத்தைத் தூர்வாரத் தொடங்கினார்கள். தோப்பை இழந்தவர்கள் நீரையாவது தேடிக்கொள்வோம் என்று துணிந்தது பாராட்டத் தக்கது.

இனி, சங்க அங்கத்தினர்கள் தம் ஊர் ஏரியில் எதை முதலிற் செய்வது என்பதை ஆராய்தல் வேண்டும். ஏரி என்றதும் பலருக்கும் தூர் வாருதலே நினைவுக்கு வருகிறது. இயந்திரம் வந்து மண்ணை அள்ளும் காட்சி கண்ணுக்கு நன்றாயிருக்கிறது; படம் எடுக்கவும் ஏற்றது. அதன் பலனைக் கணக்கிட்டுப் பார்த்தவர் சிலரே.

ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி ஆழத்துக்கு மண் எடுத்தால் அது 43,560 கன அடி. 100 கன அடி கொண்டது ஒரு யூனிட். டிராக்டர் வண்டிக்கு ஒரு யூனிட் வீதம் 436 நடை ஆகும். அக்குழியில் நிற்கக்கூடிய நீர் சுமார் 12,33,000 லிட்டர். நெல் வயலுக்கு ஒரு நனைப்பு இரண்டு அங்குலம் எனக் கொண்டால், அந்நீர் 6 ஏக்கருக்கு ஒரு நனைப்பு, அல்லது 3 ஏக்கருக்கு இரண்டு நனைப்பு. வாய்க்காலில் ஊறிப்போவதைக் கழித்தால் இன்னும் குறையும். அதுவும் மதகின் அடிமட்டத்துக்கு மேலே எடுத்த மண்ணுக்குத்தான் இக்கணக்குப் பொருந்தும். மதகுக்குக் கீழான பள்ளத்தில் நிற்கும் நீர் கால்நடைக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவுமேயன்றி, தானாக வயலுக்கு ஏறாது.

மற்றொரு கணக்கைப் பார்க்கலாம். மூடிய பின்னும் மதகு ஒழுகுகிறது. மூன்று நொடிக்கு ஒரு குடம் நிறைகிறது. குடம் 15 லிட்டர் எனில், நொடிக்கு 5 லிட்டர். இதை எவரும் பெரிதாக நினைப்பதில்லை. பெண்கள் துணி துவைக்கச் சௌகரியம் என்றுகூடச் சொல்வதுண்டு. ஒரு நாளைக்கு 4,32,000 லிட்டர். 100 நாளில் 4,32,00,000 லிட்டர். மேலே கண்ட குழிகளைப்போல் 35 குழிகளில் நிற்கும் நீர் இது. அத்தனை இடத்தைத் தூர்வாரிப் பெற வேண்டுமானால் 15,000க்கு மேற்பட்ட நடை மண் அள்ள வேண்டும். இந்நீரைக் கொண்டு 105 ஏக்கருக்கு இரண்டு நனைப்புத் தரலாம்; பாதி வழியிலேயே வீணாயிற்று என்று வைத்துக்கொண்டாலும் 50 ஏக்கருக்கு மேல் கரையேறும். மதகின் பலகையைச் செப்பனிடுவதற்கு ஒரு தச்சரோ கொல்லரோ கொத்தரோ சில நாள் வேலை செய்தாற் போதும்.

ஆதலின் பெரும்பாலான ஊர்களில் வரிசை இவ்வாறு இருத்தல் நலம். முதலில் வரத்துக் கால்வாய். நீர் வந்து சேராத ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தியும் பயனில்லை. அடுத்து மதகு. அதன்பின் கரை. தூர் வாருதல் கடைசி. வண்டல் வயலுக்கு நல்ல எருவாதலின், சர்க்கார் அனுமதி பெற்று அங்கத்தினர்கள் தம் வண்டியில் எடுத்துச் செல்வார்களானால் ஏரிக்குச் செலவின்றியே ஆழம் உண்டாகும். ஆனால் கரையை ஒட்டி மண் எடுத்தல் கூடவே கூடாது. கரையின் கால் தோண்டப்பட்டால், நிறைந்த நாளில் அது சரியும்.

கரையைப் பற்றிச் சில கூறுதல் அவசியம். எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர் ஆகியவற்றின் வழியாகவே பெரும்பாலும் நீர் கரைக்குள் புகுகின்றது. கரையின் வெளிப்புறத்தில் கசிவு கண்டால் அந்நீரைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தெளிந்திருந்தால் கவனித்து வரலாம். கலங்கி மண்ணோடு வந்தால், கரை உள்ளே அரிக்கப்படுகிறது என்பது பொருள். அன்றிரவு எவரும் உறங்கலாகாது. உடனே அதிகாரிகளுக்குச் செய்தி அனுப்பி, கசியும் வாயை வெறும் களிமண்ணால் அடைத்துவிடாமல், மணலும் சரளையும் இட்டு, அதன்மேல் மணல் மூட்டைகளை அடுக்குதல் வேண்டும். நீர் வடியட்டும், மண் மட்டும் வெளியேறலாகாது என்பதே இதன் கருத்து. சீமைக் கருவேலும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிய கரையில் இக்கசிவைக் காணவே முடியாது. முள்ளை வெட்டுவதன் முதற்பயன் கரையில் நடந்து பார்க்க வழி உண்டாவது.

சில ஊர்களில் நீர் அதிகம் நிற்கட்டும் என்று கலங்கலின்மேல் மண் மூட்டை வைத்து உயர்த்துவர். கலங்கலின் மட்டம் கரையின் வலிமையை உத்தேசித்து வைக்கப்பட்டது. ஓர் அடி நீருக்கு ஆசைப்பட்டுக் கரையையே இழந்த பின், அடுத்த மூன்று போகமும் போகும்.

கூட்டத்தில் எழும் ஆட்சேபங்களும் அறிந்தவையே. "எனக்குக் கிணறு உண்டு, ஏரி எனக்கெதற்கு?" என்பார் ஒருவர். ஏரி நிறைந்த ஆண்டில் அவர் கிணற்றின் மட்டம் என்ன, வறண்ட ஆண்டில் என்ன என்பதை அவரையே சொல்லச் செய்தல் போதும். ஆயக்கட்டுக் கிணறுகளுக்கு ஏரியே ஊற்று. "தலைமடைக்காரர் வேண்டிய மட்டும் பாய்ச்சிக்கொண்டு, எங்களுக்குச் சேறுதான் விடுகிறார், வேலைக்கு மட்டும் சமபங்கா?" என்பார் கடைமடைக்காரர். இந்த ஆட்சேபம் நியாயமானது. முறை வைத்துப் பாய்ச்சுவதை முதலில் உறுதி செய்யாமல் கடைமடைக்காரரிடம் ஆள் கேட்பது, கடன் கொடாமல் வட்டி கேட்பதை ஒக்கும்.

ஆக்கிரமிப்பே எல்லாவற்றிலும் கடினமானது. உள்வாயில் உழுதிருப்பவர் அயலூரார் அல்லர்; பலவிடங்களில் அதே சங்கத்தின் அங்கத்தினர்; சிலவிடங்களில் நிர்வாகக் குழுவில் அமர்ந்திருப்பவர். அவர் பெயரைச் சொல்லக் கூட்டத்தில் எவரும் முன்வரார். இந்நிலையில் பெயரைச் சொல்லாமல் எல்லையைச் சொல்லுவது நலம். சர்வேயருக்கு மனுச் செய்து, அளந்து, கல் நட்டு, கிராம வரைபடத்தின் நகலை ஊர்ச் சாவடியில் ஒட்டிவிட்டால், எவர் உள்ளே இருக்கிறார் என்பதை ஊரே படித்துக்கொள்ளும். அகற்றும் அதிகாரம் சட்டப்படி சர்க்கார் அதிகாரிகளுக்கே உரியது. சங்கத்தார் தாமே வேலியைப் பிடுங்கப் போதல் கூடாது. மேலும், பத்து ஏக்கர் நஞ்சை உடையவர் ஏரிக்குள் மேலும் இரண்டு ஏக்கர் சேர்த்துக்கொள்வதும், வீட்டுமனை இல்லாதவர் கரையோரம் குடிசை போட்டிருப்பதும் ஒன்றாகா. முன்னவரிடத்தில் கண்டிப்பும், பின்னவருக்கு மாற்று மனை கேட்டு மனுவும் வேண்டும். பல ஊர்களில் இது தலைகீழாக நடப்பதனாலேயே, ஏழைகள் ஏரி வேலை என்றாலே அஞ்சுகின்றனர்.

பணம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. பாசன வேலைக்கு ஆயக்கட்டுதாரர் சங்கம் தனியே உண்டு. கடன் சங்கத்தின் பணத்தை நேரே ஏரியிற் கொட்ட முடியாது. எனினும் உபவிதிகள் இடந்தருமாயின், லாபத்தில் பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை மதகுச் செப்பனுக்கு அளிக்கலாம். அதனினும் மேலாகச் சங்கம் தரக்கூடியது அதன் பழக்கம். ரசீது எழுதுதல், ரொக்கத்தை மாலையில் சரிபார்த்தல், மகாசபையில் கணக்கை வாசித்தல் ஆகியவற்றில் சங்க அங்கத்தினர்களுக்கு 1904ஆம் ஆண்டின் சட்டம் முதற்கொண்டு பயிற்சி உண்டு. அச்சட்டத்தின்படி கிராமச் சங்கங்கள் வரையறையற்ற பொறுப்புடன் அமைக்கப்பட்டன. ஒருவர் பட்ட கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. ஏரியும் அத்தன்மையதே. ஒருவர் வயலுக்கு எதிரில் கரை உடைந்தால், உடைப்பின் வழியாக எல்லோர் நீரும் போய்விடும்.

ஏரிக் கணக்குக்கு ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். முதற் பக்கத்தில் ஏரியின் பரப்பு, ஆயக்கட்டு, மதகுகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு மதகின்கீழும் உள்ள பட்டாதாரர் பெயர்கள். பின்னர் நிறைந்த தேதி, கலங்கல் வழிந்த நாட்கள், மதகு திறந்த தேதி, கடைமடைக்கு நீர் எட்டிய தேதி, ஏரி வற்றிய தேதி. இவற்றை ஐந்தாண்டு எழுதிவந்தால், எந்த அதிகாரியிடத்தும் வெறும் வாய்ச்சொல்லாகப் பேச வேண்டியிராது. வேலைக்கு வந்த ஆட்களின் பெயரும், வராதவர் தந்த பணமும், கூலிக்கு வந்தவருக்குக் கொடுத்த கூலியும் வேறு பக்கத்தில் இருத்தல் வேண்டும். நிலமில்லாதவர் வேலை செய்தால் அவர் பெயர் கூலிப் பத்தியில் இருக்க வேண்டுமேயன்றி, உபகாரப் பத்தியில் இருத்தல் தகாது.

கோடையில் கால்வாயும் வண்டலும், ஆடி ஆவணியில் மதகும், புரட்டாசியில் கரை முள்ளும், ஐப்பசி கார்த்திகையில் காவலும் என்று வேலை பிரிந்து நிற்கும். தை மாசியில் நீர் குறையும்போதுதான் சண்டை எழும். அப்போது முறை நீரைப் பங்கிட நீர்க்கட்டி ஒருவர் இன்றியமையாதவர். அவர் எந்த வகுப்பினராயினும் ஊர்ச்சபை முன்னிலையில் நியமிக்கப்பட்டு, மாதந்தோறும் சம்பளம் பெறுபவராயிருத்தல் வேண்டும். அவர் அடைத்த மடையைத் திறந்தவருக்கு அபராதம் இத்தனை என்பதைப் பருவம் தொடங்குமுன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதி, தலைமடைக்காரர் கையொப்பத்தையே முதலில் வாங்கிவிடுதல் நலம்.

கணக்கு வாசிக்கும் நாளையும் முன்னரே குறித்துவிடலாம். அறுவடை முடிந்து கையில் நெல் உள்ள மாசி மாதத்தில், ஏரிக்கரையிலேயே கூட்டம் கூடுவது பொருத்தம். வரவு செலவை எழுதியவரே எழுந்து நின்று வாசிக்க வேண்டும். மற்றொருவர் அவருக்காக வாசித்தல் ஆகாது. கேள்விகளுக்கு அவரே விடை கூறி, கூட்டத்தார் ஒப்புக்கொண்ட பின்னர், அடுத்த ஆண்டுக்கு ஏரிக் குழுவினரைத் தெரிந்தெடுக்கலாம்.